அம்மாவை எழுப்புங்க, அப்புறம் லைசென்ஸ் பாக்கலாம்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயசு. ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் வரலை, யூரின் ட்யூப் போட்டிருக்கு. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறதால 4 மாசமா சிட்டிக்கு வெளிய ஒரு முதியோர் ஹோம்ல விட்டிருக்கோம், மாசம் 25,000. லைசென்ஸ் கேட்டதுக்கு ட்ரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ண பேப்பரைக் காட்டினாங்க. சென்னைல இருக்கற தம்பி அது போதும்ங்கறான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணிட்டுப் போவேன், அம்மா எப்பவும் தூங்கிட்டுத்தான் இருப்பாங்க, எழுப்பாம பழத்தைக் குடுத்துட்டு வந்துடுவேன். லைசென்ஸ் இருக்கான்னு எப்படிப் பாக்கறது? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: "எப்பவும் தூங்கிட்டுத்தான் இருப்பாங்க"ன்னு போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்கம்மா, நான் அந்த வரியைத் தாண்டவே முடியாம உக்காந்திருக்கேன். 4 மாசம்னா 16, 17 ஞாயித்துக்கிழமை. ஒரு நாள் கூடவா முழிச்சிருக்கலை? வீட்டுல இருந்தப்ப பகல்ல இப்படித் தூங்கற ஆளா அவங்க? நீங்க வர்ற நேரம் ஹோம்காரங்களுக்கு முன்னாடியே தெரியும், நீங்க போன் பண்ணிச் சொல்லிடறீங்க. ஆள் பத்தாத இடத்துல பெரியவங்க சத்தம் போடக்கூடாதுன்னு தூக்க மாத்திரை குடுக்கறதை எத்தனையோ பொண்ணுங்க எனக்கு எழுதியிருக்காங்க, எல்லாரும் உங்களை மாதிரியே "தொந்தரவு பண்ண வேண்டாம்னு" வந்துட்டவங்கதான். மாத்திரைதான்னு நான் அடிச்சுச் சொல்லலை, யூரின் ட்யூப் இருக்கறவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தாலும், உடம்புல சோடியம் குறைஞ்சாலும், சுகர் ஏறி இறங்கினாலும் வயசானவங்க இப்படித்தான் சுருண்டு கிடப்பாங்க. எதுவா இருந்தாலும் அது தூக்கம்னு விட்டுட்டு வர்ற விஷயம் கிடையாது. பெத்தவளை எழுப்பி "சாப்பிட்டியா"ன்னு கேக்கறதுக்கு எதுக்கும்மா கூச்சம்?

ஹோம்ல விட்டதுக்கு உங்களைத் திட்ட மாட்டேன். வேலைக்குப் போற பொண்ணு ராத்திரி பகலா திருப்பிப் போட்டுப் பாக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா பாக்கற வேலையைத்தான் 25,000 குடுத்து அவங்ககிட்ட ஒப்படைச்சீங்க, மகளா இருக்கறதை ஒப்படைக்க முடியாது.

இப்ப லைசென்ஸ். ட்ரஸ்ட் பதிவு வேற, ஹோம் பதிவு வேற, தம்பிகிட்ட சொல்லுங்க. 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்குக் கீழ முதியோர் இல்லம்னு பதிவு பண்ணியிருக்கணும், கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாவட்ட சமூக நல அலுவலகம்னு கேட்டுப் போய் ஹோம் பேரைச் சொல்லி விசாரிங்க. அங்கயே டாக்டர் நர்ஸ் வச்சு ட்ரீட்மெண்ட் பாக்கறாங்கன்னா, ஆஸ்பத்திரி, கிளினிக்குக்கெல்லாம் இருக்கற தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட்ஸ் சட்டப் பதிவும் இருக்கான்னு சுகாதாரத் துறை இணை இயக்குநர் ஆபீஸ்ல கேளுங்க. ரெண்டும் இருந்தாலும் சரி, அந்த பேப்பர் உங்க அம்மா முழிச்சிருக்காங்களான்னு சொல்லாது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற ஆபீசருக்கு அவங்க முன்ன எப்படி இருந்தாங்கன்னு எங்க தெரியும், உங்களுக்குத்தான் தெரியும்.

தம்பிக்கும் ஒண்ணு. அதே சட்டத்துல பிள்ளைங்கன்னா மகன், மகள், வயசு வந்த பேரன் பேத்தி எல்லாரும்தான். போன்ல "போதும்"னு சொல்றதுக்கு மட்டும் மகன் கிடையாது, டிக்கெட் போட்டு வரச் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. நாளைக்கே லீவ் போட்டுட்டு காலைல 11 மணிக்கு போன் பண்ணாமப் போங்க. உள்ள விட மாட்டேன்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567க்கு அங்க நின்னே கூப்பிடுங்க. மாத்திரை அட்டை ஒண்ணு விடாம போட்டோ எடுங்க, எந்த டாக்டர் எழுதினதுன்னு சீட்டைக் கேளுங்க, ஸ்ட்ரோக்குக்குப் பாத்த டாக்டர்கிட்ட காட்டாம எதையும் நீங்களா நிறுத்திடாதீங்க. அம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகு, இடுப்பு எலும்பு, குதிகால் பாருங்க, 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடாதவங்களுக்கு அங்கதான் முதல்ல சிவந்து புண்ணாகும். தோளைத் தொட்டு நீங்க எப்பவும் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க. கண்ணைத் திறக்கலைன்னாலோ, திறந்தும் உங்களை அடையாளம் தெரியலைன்னாலோ 108க்குப் போட்டு அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, பில், டெபாசிட், ஹோம்காரங்க கோவம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.