மான் அடிபடாத ரோடு

வணக்கம் சார்,

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மான்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி அவற்றின் வலசையை ஆராய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மாதனூர்க்காரன். இருபத்தைந்து வருஷமாக ஆம்பூருக்கு பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். முன்பெல்லாம் கோடையில் ரோட்டோரம் புள்ளிமான் அடிபட்டுக் கிடக்கும். ரோடு ஆறு வழி ஆன பிறகு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நம் மான்கள் ரோட்டுக்குப் பழகிவிட்டன என்றுதான் நினைக்கிறேன். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி ஆராய்ச்சி செய்ய இதில் என்ன இருக்கிறது?

மாதனூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்ததைச் சந்தேகப்படவில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் இடிக்கிறது.

ரோட்டில் மான் செத்துக் கிடக்கவில்லை என்றால், அது பத்திரமாகக் கடக்கிறது என்று இருக்கலாம். கடக்க வருவதையே விட்டுவிட்டது என்றும் இருக்கலாம். (அடிபட்ட மான் நம் பக்கம் விடியும்வரை ரோட்டில் கிடப்பதில்லை என்பது வேறு கதை. அது எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

எப்போதோ ஒரு வண்டி போகும் ரோட்டை மான் சுலபமாகத் தாண்டிவிடும். வண்டிகள் விட்டுவிட்டு வரும் ரோட்டில்தான் ஆபத்து அதிகம். இடைவெளி இருக்கிறதென்று நம்பி இறங்கும், கணக்குத் தப்பும். ராத்திரி பகலாக லாரி ஓடும் ரோட்டில் இறங்கவே இறங்காது. அங்கே சாவு குறையும், ரோடு மதிலாகிவிட்டிருக்கும். வயோமிங்கைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலை அப்படிப்பட்டது. செத்த மானை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. கழுத்துப்பட்டை சில மணி நேரத்துக்கு ஒருமுறை மான் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே போகும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் ரோடு வரை வந்து, ரோட்டோரமாகவே அலைந்து, வந்த வழியே திரும்பியது தெரியும். அந்தத் திரும்பிய மானைக் காணத்தான் பட்டை.

பழகும் என்கிறீர்களே, அதுவும் உண்மைதான், ஆனால் வழி விட்டால். அதே வயோமிங்கில் நக்கெட் கேன்யன் என்ற இடத்தில் 30ஆம் எண் சாலைக்கு வேலி போட்டு, அடியில் ஏழு சுரங்கப்பாதை கட்டினார்கள். கேமரா வைத்து மூன்று வருஷம் எண்ணியதில் மியூல் மான்கள் 49,146 முறை அடியில் போயிருந்தன. (கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல் நீண்ட காது, அதனால் அந்தப் பெயர்.) விபத்து 81 சதவீதம் குறைந்தது. முதல் வருஷம் வாசல்வரை வந்த மான்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை மிரண்டு திரும்பின. மூன்றாம் வருஷம் பத்தில் ஒன்பது உள்ளே நுழைந்து போயின. வேகத்தைக் குறைத்துப் பார்ப்போமே என்று அந்த மாநிலத்தில் சில சாலைகளில் இரவு நேர வரம்பை மணிக்கு 70 மைலிலிருந்து 55 ஆக்கியும் பார்த்தார்கள். ஓட்டுநர்கள் குறைத்தது மூன்று முதல் ஐந்து மைல். விபத்து குறையவில்லை. போர்டை மதிக்காதவர்கள் நம் டோல்கேட் பக்கம் மட்டும் இல்லை.

நம் புள்ளிமான் நூறு மைல் வலசை போகிற ஜாதி இல்லை. அதற்கு வேண்டியது கோடையில் தண்ணீர். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கினால் பாலாற்றுக்கு முன்னால் குறுக்கே கிடப்பது இந்த ரோடு. முன்பு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வந்தது, இப்போது இந்தப் பக்கமே கிணற்றையும் தோட்டத்தையும் தேடி ஊருக்குள் வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கிணற்றில் மான் விழுந்தது, நாய் கடித்தது என்று வரும் செய்திகளை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். நம் கிருஷ்ணகிரி வழியாகப் போகும் 44ஆம் எண் சாலையில், மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில், ரோட்டைத் தூக்கிக் கட்டி அடியில் ஒன்பது வழிகள் விட்டிருக்கிறார்கள். அங்கே வைத்த கேமராக்களில் பதினெட்டு வகை விலங்குகள் பதிவாயின. அதிகம் போனது நம் புள்ளிமான்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் மலையிலிருந்து வரும் கானாறுகள் ரோட்டைத் தாண்ட சிறுபாலங்கள் இருக்கும். அதில் ஆள் குனியாமல் போகக்கூடிய ஒன்றைப் பாருங்கள். சாயங்காலம் அதன் அடியில் ஒரு கூடை மணலைச் சலித்துப் பரப்பிவிட்டு (பாலாற்று மணல் வேண்டாம், அதற்குத் தனி கேஸ் வரும்) விடியற்காலையில் ஆடு ஓட்டுகிறவர்கள் வருவதற்குள் போய்விடுங்கள். மணலில் ஆட்டுக் குளம்பின் தடம் முனை மழுங்கி அகலமாக இருக்கும். மான் குளம்பு ஒடுங்கிக் கூராக விழும். கோடை முழுக்க வாரம் ஒருநாள் செய்து, என்ன இருந்தது, எந்தப் பக்கம் நோக்கிப் போனது என்று எழுதுங்கள். ஒன்றுமே இல்லை என்றாலும் எழுதுங்கள்.