கார்பன் வரி, மானியம்: எதைக் கொடுத்தால் தொழிற்சாலைகள் புகையைக் குறைக்கும்?

பட்டிமன்றத்துக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. நான் அம்பத்தூரில் பதினெட்டு வருடமாக போல்ட் அடிக்கிறவன். என்னை மாற வைத்தது வரிதான். அதுவும் நம் அரசு போட்டதில்லை.

2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் எல்லைக் கார்பன் வரிக்குக் கணக்கெடுக்க ஆரம்பித்தது. வெளியிலிருந்து வரும் சரக்கைச் செய்யும்போது எவ்வளவு கார்பன் புகை வெளியானதோ, அதற்கு விலை. சிபிஏஎம் என்பார்கள். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரத்தோடு போல்ட் நட்டும் அதில் சேர்த்தி. ஜெர்மனியில் என் போல்ட்டை வாங்கும் பார்ட்டி ஒரு எக்செல் ஃபைல் அனுப்பி, புகைக் கணக்கை நிரப்பச் சொன்னார். திறந்தால் தாள் தாளாகப் போகிறது. என் ஷெட்டில் புகை விடுவது ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் (போல்ட்டைச் சூடாக்கி உறுதியாக்கும் உலை) ஒன்றுதான், டீசலில் ஓடியது. மிச்சப் புகையெல்லாம் நான் வாங்கும் வயர் ராடில் (போல்ட் அடிக்கும் இரும்புக் கம்பி), அதாவது அதைச் செய்யும் ஸ்டீல் மில்லில். மாதம் 12 டன் எடுக்கிறவனுக்கு எந்த மில் கணக்குச் சொல்லும்? டீலர் சிரித்தே விட்டார். சொந்தக் கணக்கு இல்லாதவர்களுக்கு என்று ஐரோப்பாக்காரர்கள் கொடுத்த பொது எண்ணைப் போட்டுச் சமாளித்தோம். 2024 ஜூலையோடு அந்தச் சலுகையும் போயிற்று. நாலு மாதம் அலைந்து, கணக்குத் தருகிற மில்லாகப் பார்த்து மாறினேன், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட. ஃபர்னஸையும் கரன்டுக்கு மாற்றினேன். (கூத்து என்னவென்றால், இரும்புச் சாமானில் நேரடிப் புகைக்கு மட்டும்தான் அங்கே விலை. என் கரன்ட் நிலக்கரியில் வந்தாலும் கேட்கமாட்டார்கள்.)

வருடம் 50 டன்னுக்குக் கீழே இறக்குமதி செய்தால் விலக்கு உண்டே என்று யாராவது வருவீர்கள். உண்டு. என் பார்ட்டி பல பேரிடம் வாங்குகிறவர், அதைத் தாண்டிவிடுகிறார். 2026 ஜனவரியிலிருந்து போகும் சரக்குக்கு நிஜமாகவே விலை.

ஃபர்னஸ் மாற்ற அரசு மானியமும் வாங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் முதலில் முழுப் பணத்தையும் நாம் போட்டு, மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். நேம் பிளேட் போட்டோவில் தெளிவாக இல்லை என்று ஃபைல் ஒருமுறை திரும்பி வந்தது. காசு வர 14 மாதம். அதுவரை கட்டிய வட்டியை யார் தருவார்கள்? கையில் பணம் இருக்கிறவனுக்குத்தான் இந்த மானியம் சரிப்படும்.

நம் நாட்டிலும் நிலக்கரிக்கு செஸ் என்கிற கூடுதல் வரி இருந்தது. 2010இல் டன்னுக்கு 50 ரூபாய், 2016இல் 400. சுத்தமான எரிசக்திக்கு என்று ஆரம்பித்த காசு, 2017இல் ஜிஎஸ்டியால் மாநிலங்களுக்கு வரும் இழப்பை ஈடுகட்டத் திரும்பிவிட்டது. என் மாதிரி ஆளுக்கு அதிலிருந்து ஒரு ஃபர்னஸ் வந்திருக்கலாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தராவிட்டால், வாங்கிய கம்பெனி அதைத் தரும் வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்டலாம் என்று 2024 ஏப்ரலில் சட்டம் அமலுக்கு வந்ததே, அப்போது ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்தார். "சார், உத்யம் பதிவை கேன்சல் பண்ணிடுங்க, ஆர்டர் கன்டினியூ பண்றோம்." உத்யம் என்பது சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு. அது இல்லையென்றால் 45 நாள் கெடு அவர்களைப் பிடிக்காது, ஆனால் எனக்கு ஃபர்னஸ் மானியமும் கிடையாது. ஃபைல் அப்போது பாதி வழியில் நின்றது. கேன்சல் செய்யவில்லை. ஆர்டர் போனது.