பனியாற்றுக்கு ஓர் இரவு போதுமா?

கேள்வி: டிசம்பரில் மகனைப் பார்க்க நியூசிலாந்து, கிறைஸ்ட்சேர்ச் போகிறோம். அங்கே கார் எடுத்து, பிரான்ஸ் ஜோசப் பனியாற்றைப் பார்த்து, ஓர் இரவு தங்கித் திரும்ப யோசனை. எழுபது வயது அம்மாவும் வருகிறார். பனியைக் கையால் தொட முடியுமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தொடலாம், ஹெலிகொப்டரில் போனால் மட்டும். பனியாறு பின்வாங்கிக்கொண்டே போனதால், 2012 முதல் பள்ளத்தாக்கு வழியாக நடந்து பனியில் ஏறுவது நின்றுவிட்டது. இப்போது நடந்து போனால் தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். கயிறு கட்டிய இடத்தைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். பக்கத்து பாக்ஸ் பனியாற்றில் 2009இல் தடுப்பைத் தாண்டிப் போன இரு சகோதரர்கள் பனி சரிந்து இறந்தார்கள்.

ஓர் இரவு போதாது, இரண்டு இரவு தங்குங்கள். தென்மேல் பருவக்காற்று வட்டவளைப் பக்கம் மலையில் மோதி மழை கொட்டுகிறதல்லவா, அதே கதைதான் அங்கேயும். கடற்காற்று நேரே தென் ஆல்ப்ஸ் மலைகளில் மோதுகிறது. முகில் இறங்கினால் ஹெலிகொப்டர் எழும்பாது. முதல் காலைக்குப் பதிவு செய்தால், மறுநாள் கையில் இருக்கும். டிசம்பரில் கூட்டம் அதிகம், அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். ஊர் மிகச் சிறியது.

பாதை ஆதர்ஸ் பாஸ் வழியாக 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கணவாயின் உயரம் 920 மீற்றர், நுவரெலியாவில் பாதிதான். நிற்காமல் ஓடினாலே ஐந்து மணி நேரம் பிடிக்கும், அம்மாவோடு என்றால் முழுப் பகலையும் ஒதுக்குங்கள். நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கவனம் வேண்டியது ஒற்றை வழிப் பாலங்களில். பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால், நின்று எதிரே வருபவருக்கு வழிவிடுங்கள். ஹொக்கிற்றிக்காவில் பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு நான் சொல்வது மத்தேசன் ஏரி. பாக்ஸ் ஊரிலிருந்து சில நிமிடத் தூரம், பாதை பெரும்பாலும் சமதரை. காட்டுச் சருகு ஊறி, தண்ணீர் பிளேன்ரீ நிறத்தில் இருக்கும். அந்தக் கருமையில்தான், காற்று எழும்பாத விடியலில், குக் மலை தலைகீழாக அப்படியே தெரியும். மணல் ஈ கடிக்கும், பூச்சிக்கான களிம்பைப் பூசிக்கொண்டு இறங்குங்கள்.