துபாய், ஒரு பகல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, எனக்கு முழங்கால் வலியும் உண்டு. துபாயில் காலை 5.30க்கு இறங்குகிறோம், அடுத்த விமானம் மறுநாள் அதிகாலை 2.30க்கு. யூடியூப் பார்த்து 14 இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன்: புர்ஜ் கலீஃபா, பாம் ஜுமைரா, பாலைவன சஃபாரி என்று நீள்கிறது பட்டியல். மனைவி தங்கக் கடைத்தெருவைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பதினான்கில் நான்கை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். துபாய் கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர். க்ரீக் என்னும் கடற்கழியை ஒட்டிய பழைய ஊர் ஒரு பக்கம் என்றால் பாம் ஜுமைரா மறுபக்கம், நடுவில் 25, 30 கிலோமீட்டர். பாம் தீவின் அழகு விமானத்திலிருந்துதான் தெரியும். தரையில் போய் நின்றால் அடுக்குமாடி வீடுகள் உள்ள சாலை, அவ்வளவுதான். சஃபாரி மதியம் மூன்று மணிக்கு வண்டி ஏற்றி இரவு ஒன்பதுக்குக் கொண்டுவந்து விடும். மணல்மேட்டில் வண்டி ஏறிக் குதிக்கும் ஆட்டம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஆகாது.

முதலில் விசா. விமான நிறுவனம் வழியாக வாங்கும் 48 மணிநேர டிரான்சிட் விசா உங்களுக்குப் போதும். இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கையில் இருக்கவேண்டும். பெட்டிகளை லண்டன் வரை நேராக அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

இனி வெயில். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. நீங்கள் போவது அந்தத் தேதி தாண்டிச் சில வாரங்களில், உச்சிவெயில் அப்போதும் 35 டிகிரிக்கு மேல்தான். பாலைவனம்தானே, வறண்ட சூடாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம். வளைகுடாக் கடலின் ஈரம் காற்றில் இருப்பதால் வியர்வை காயாது. ஆகவே காலையில் வெளியே, மதியம் கூரைக்குள், மாலையில் மறுபடி வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் 1, 3 இரண்டிலும் மெட்ரோ நிலையம் உண்டு, டெர்மினல் 2ல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயில் காலை 8 மணிக்குத்தான் தொடங்கும், மற்ற நாளில் 5 மணி. நிலையத்தில் ஆளுக்கொரு சில்வர் நோல் கார்டு (பயணக் கட்டண அட்டை) வாங்குங்கள். 25 திர்ஹம் விலையில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருப்பாக நிற்கும். கட்டணம் ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், அடுத்த மண்டலம் வரை 5, அதற்கும் மேல் 7.50. மூன்று நான்கு முறை ஏறுவதற்கு நாள் பாஸ் தேவையில்லை. ரயில் பெட்டிக்குள் தண்ணீர் குடித்தாலும் 100 திர்ஹம் அபராதம். கூடுதல் கட்டணமுள்ள தங்க வகுப்புப் பெட்டியில் தெரியாமல் ஏறினாலும், பெண்களுக்கான பெட்டியில் நீங்கள் ஏறினாலும் அபராதம் உண்டு. தரையில் இருக்கும் கோட்டைப் பார்த்து நில்லுங்கள்.

சிவப்புத் தடத்தில் புர்ஜுமான் போய்ப் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் அல் ஃபாஹிதி. நிலையத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதால் பலகையில் ஷரஃப் டிஜி என்று இருக்கும். பழைய வழிகாட்டிகளை நம்பிப் போகிறவர்கள் நிலையத்தைத் தவறவிடுவது இதனால்தான்.

அங்கிருந்து சிறிது நடந்தால் அல் ஃபாஹிதி பழைய குடியிருப்பு. பவளப்பாறைக் கல்லும் ஜிப்சமும் கொண்டு எழுப்பிய வீடுகள், அவற்றின் மேல் பர்ஜீல் எனப்படும் காற்றுக் கோபுரங்கள். கோபுரம் நான்கு பக்கமும் திறந்திருக்கும், உள்ளே குறுக்குச் சுவர்கள். காற்று எந்தத் திசையில் வந்தாலும் ஒரு பக்கம் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்க, எதிர்ப்பக்கம் சூடான காற்று மேலேறிப் போகும். கோபுரத்துக்கு நேர் கீழே போய் நில்லுங்கள், வித்தியாசம் தோலில் தெரியும். பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கே அரைமணி ஒதுக்குகிறார்கள். நான் ஒன்றரை மணிநேரம் ஒதுக்கச் சொல்வேன். புர்ஜ் கலீஃபாவைப் படத்தில் பார்த்தால்கூடப் பாதி பார்த்த மாதிரி. இந்தச் சந்துகளின் நிழல் படத்தில் வராது.

துணிக் கடைத்தெரு வழியாகப் படகுத்துறைக்கு நடந்துவிடலாம். கடைக்காரர்கள் ஆளைப் பார்த்து மொழி மாற்றிக் கூப்பிட்டுச் சால்வையைத் தலையில் சுற்றிவிடுவார்கள். வாங்கும் எண்ணமில்லை என்றால் நிற்காமல் நடங்கள். கழியைக் கடக்கும் அப்ரா படகுக்கு ஆளுக்கு 1 திர்ஹம், சில்லறையாக வைத்திருங்கள். அதன் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி கிடையாது. படகு துறையோடு ஒட்டி நிற்கும்போது மட்டும் கால் வையுங்கள், ஏறியதும் நடுப்பலகையில் உட்கார்ந்துவிடுங்கள். இந்தக் கழி மண் மேடிட்டுக் கிடந்தது. 1961ல் தூர்வாரி முடித்த பிறகுதான் பெரிய கலங்கள் உள்ளே வந்தன. துபாய் எண்ணெயைக் கண்டது அதற்குப் பின், 1966ல். ஊரை முதலில் நிமிர்த்தியது வியாபாரம். எதிர்க்கரையில் கட்டிநிற்கும் மரக்கலங்களில் இன்றும் சரக்கு ஏறுகிறது.

எதிர்க்கரை தேரா. மசாலாத் தெரு, அதைத் தாண்டித் தங்கத் தெரு. பத்து மணிக்குப் போய்விடுங்கள், பல கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத்தான் திறக்கும். தங்கத்தின் அன்றைய விலை பலகையில் இருக்கும், அதில் பேரம் கிடையாது. பேரம் முழுக்கச் செய்கூலியில்தான். சொல்லும் கூலியைப் பாதியாகக் கேட்டுத் தொடங்குங்கள். 5 சதவீத வாட் வரியின் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்கு ஒரே ரசீதில் 250 திர்ஹமாவது இருக்கவேண்டும், வாங்கும்போதே கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும், விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக்கு முன் ரசீதையும் நகையையும் சரிபார்க்க வைக்கவேண்டும். ஒன்று விட்டாலும் பணம் வராது. இந்தியா திரும்பும்போது சுங்கவரியில் நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவருக்குத்தான். பிரிட்டனும் 390 பவுண்டுக்கு மேலான பொருளுக்குக் கணக்குக் கேட்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். மனைவியிடம் இதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

மதியம் துபாய் ஃப்ரேம். படச்சட்டம் போன்ற 150 மீட்டர் உயரக் கட்டடம் அது. மேலே நின்றால் ஒருபுறம் காலையில் நடந்த தேரா, மறுபுறம் ஷேக் சாயித் சாலையின் கோபுரங்கள். பக்கத்தில் மெட்ரோ இல்லை, டாக்சியில் போய்விடுங்கள். புர்ஜ் கலீஃபாவின் மேல் ஏறுவதைவிட இது செலவு குறைவு. புர்ஜ் உச்சியில் நின்றால் நகரம் முழுக்கத் தெரியும், அந்தக் கட்டடம் மட்டும் தெரியாது.

ஆகவே 828 மீட்டரையும் கீழிருந்தே பாருங்கள். மாலை நாலரைக்கு துபாய் மாலுக்குள் இருந்தால் போதும். மெட்ரோவில் வந்தால் நிலையத்திலிருந்து மால் வரை ஏறத்தாழ 800 மீட்டர் மூடிய பாலம். நகரும் நடைபாதை உண்டு என்றாலும் முழங்காலுக்கு அது சோதனைதான், ஃப்ரேமிலிருந்து டாக்சியிலேயே வாருங்கள். ஆறு மணி வாக்கில் சூரியன் மறையும். உச்சித்தளங்களில் அது சற்றுப் பிந்தித்தான் மறையும் என்பதால், நோன்பு திறக்க 80ஆம் தளத்துக்கு மேல் 2 நிமிடமும் 150க்கு மேல் 3 நிமிடமும் காத்திருக்கும்படி 2011ல் மார்க்கத் தீர்ப்பே வந்தது. இருட்டியதும் நீரூற்று ஆட்டம். ஓர் ஆட்டம் சில நிமிடம்தான், அரைமணிக்கு ஒன்று நடக்கும் என்பதால் முதலாவதுக்கு முண்டியடிக்கவேண்டாம்.

ஒன்பதரைக்குள் கிளம்புங்கள். பிந்தினால் டாக்சி வரிசையே முக்கால் மணிநேரம் பிடிக்கும்.

ஊரில் பெட்டி கட்டும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் வழக்காகவே ஆகும். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளுக்கும் முன் அனுமதி வேண்டும். மகனுக்குக் கொண்டுபோகும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று அரைப்பவரிடம் கேளுங்கள். இருந்தால் அந்தப் பொட்டலம் வீட்டிலேயே இருக்கட்டும்.