ஏ.ஏ. கூட்டத்தில் யார் சேரலாம்?

கேள்வி: என் அண்ணன் குடியை விட வேண்டும் என்று அவராகவே சொல்கிறார். பக்கத்தில் ஏதாவது குழு இருக்கிறதா என்று எப்படித் தேடுவது? பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறார்.
- ஒரு வாசகி

பதில்: அவராகவே சொல்கிறாரே, நல்ல விஷயம். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., இன்று பல நாடுகளில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் பார்க்கலாம், இல்லாவிட்டால் போதை மீட்பு மையத்திலோ மனநல மருத்துவரிடமோ கேளுங்கள். கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம், முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே தகுதி. ஒரு குழு ஒத்துவரவில்லையா, இன்னொன்றுக்குப் போகட்டும், ஆட்களைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஏ.ஏ.வில் கடவுள் பேச்சு கொஞ்சம் வரும். அது பிடிக்காதவர்களுக்குக் கடவுள் பேச்சு இல்லாத ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறொரு குழு இருக்கிறது.

அப்புறம், தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்த விடாதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், முதலில் மருத்துவர், குழு எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்களைப் போன்ற குடும்பத்தாருக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அண்ணன் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.