ஊழியத்தை எப்போ விடலாம்? கேள்வி பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில செய்ற ஊழியத்தை விடலாமா வேண்டாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, நீலகிரியில சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) ஆயரா, அதாவது போதகரா இருந்து ரிட்டயர் ஆனவன்ங்கிற முறையில தெரிஞ்சதை சொல்றேன். சபை எலெக்ஷன், கோர்ட் கேஸ் பத்தி கேட்டா பதில் வராது.

கோத்தகிரி அக்கா: ஐயா, 22 வருஷமா ஞாயிறு பள்ளி டீச்சரா இருக்கேன். இப்போ ஞாயித்துக்கிழமை வந்தாலே மனசு பாரமா இருக்கு, பிள்ளைங்களும் குறைஞ்சிட்டாங்க. என் அழைப்பு முடிஞ்சிடுச்சா?

அம்மா, 1 இராஜாக்கள் 19 எடுத்து நிதானமா படிங்க. யேசபேல் ராணி மிரட்டினதும் எலியா தீர்க்கதரிசி ஓடிப்போய் சூரைச்செடிக்கு கீழே விழுந்து "போதும் கர்த்தாவே"ங்கறார், அது ஒரு வகையில ராஜினாமா லெட்டர் தான். தேவன் அதுக்காக திட்டவும் இல்ல, லெட்டரை ஏத்துக்கவும் இல்ல. தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்பிடுன்னு சொல்றான், தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு, சாப்பிட்டுட்டு திரும்ப தூங்குறார், திரும்ப எழுப்பி சாப்பிட வைக்கிறான். அப்புறம் ஓரேப் மலைக்கு நடக்குற பலம் வருது, அங்க போன பிறகுதான் எலிசாவை உன் ஸ்தானத்துல அபிஷேகம் பண்ணுன்னு சொல்றார். கைமாத்துற பேச்சு வந்தது, ஆனா தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் அப்புறம் தான்.

அதனால இப்போ முடிவு எடுக்காதீங்க. இந்த வருஷம் வி.பி.எஸ். (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகம பள்ளி) வேண்டாம்னு சொல்லிடுங்க, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் லீவு கேளுங்க, கேக்கும்போதே ஞாயிறு பள்ளி பீரோ சாவியையும் கொடுத்துடுங்க. இதை ஏன் அழுத்தி சொல்றேன்னா சாவியை மணிபர்ஸ்ல வச்சுக்கிட்டு லீவு எடுத்தவங்களை நிறைய பாத்திருக்கேன், புது பொண்ணு வந்து மீன் வால் கிழிஞ்ச அந்த யோனா படத்தை எடுக்கணும்னா கூட இவங்களுக்கு போன் பண்ணணும். அந்த மூணு மாசத்துல உங்களுக்கு ஏங்குறது பிள்ளைங்களுக்காகவா இல்ல "டீச்சர்"னு எல்லாரும் கூப்பிடுறதுக்காகவான்னு கவனிங்க. ரெஸ்ட் எடுத்த பிறகும் வேற ஒருத்தர் கிளாஸ் எடுக்குறதை பாத்து நிம்மதிதான் வருதுன்னா தைரியமா விடுங்க. பொறாமை வந்தா இன்னும் கொஞ்சம் ஜெபிங்க, அப்போ எடுக்குற முடிவு எந்த பக்கம்னாலும் தப்பா போக வாய்ப்பு இருக்கு.

வெலிங்டன் தம்பி: பாஸ்டர், யூத் செக்ரட்டரியா இருக்கேன். நேத்து கமிட்டியில அவமானப்படுத்திட்டாங்க. ராஜினாமா டைப் பண்ணி வச்சிருக்கேன், குரூப்ல போட்டுடவா?

போடாதீங்க. கோவத்துலயும் வேண்டாம், கமிட்டி முடிஞ்ச ராத்திரியும் வேண்டாம், வாட்ஸ்அப்ல எப்பவுமே வேண்டாம். ஒரு மாசம் கழிச்சும் அதே எண்ணம் இருந்தா ஆயரை நேர்ல பாத்து சொல்லுங்க.

கூடலூர் சகோதரர்: எஸ்டேட் லைன்ல ஜெபக்குழு நடத்துறேன். கன்வென்ஷன்ல ஒரு ஊழியர் என் தலையில கை வச்சு "உன் ஊழியம் இந்த இடத்துல முடிஞ்சது"ன்னு தீர்க்கதரிசனம் சொன்னார். விட்டுடணுமா?

அப்போஸ்தலர் 21. அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சையை (இடுப்பு வாரை) எடுத்து தன் கையையும் காலையும் கட்டிக்கிட்டு, எருசலேம்ல உன்னை இப்படித்தான் கட்டுவாங்கன்னு சொன்னார். கூட இருந்தவங்க போகாதீங்கன்னு அழுதாங்க, பவுல் போனார். அகபு சொன்னது நடந்துச்சு, ஆனா போறதா வேண்டாமாங்கிற முடிவை பவுல்தான் எடுத்தார். உங்களை தெரியாத ஒருத்தர் கன்வென்ஷன் கடைசி ராத்திரி சொன்னதை வச்சு குழுவை கலைக்காதீங்க, அந்த லைன்ல இருக்கிற வயசானவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.

கொடைக்கானல்ல இருந்து ஒரு சகோதரி: நான் கத்தோலிக்க கன்னியர் மடத்துல தற்காலிக வார்த்தைப்பாட்டுல, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்குற துறவற வாக்குல இருக்கேன். புதுப்பிக்க மனசு இல்ல, வீட்ல அவமானம்ங்கறாங்க.

என் துறை இல்லம்மா, தெரிஞ்ச அளவு சொல்றேன். உங்க திருச்சபை சட்டப்படி தற்காலிக வார்த்தைப்பாட்டு காலம் முடியும்போது நீங்க சுதந்திரமா வெளிய வரலாம், தடை கிடையாது. ஆயுள் முழுக்கன்னு நித்திய வார்த்தைப்பாடு கொடுத்திருந்தா வேற, அதுக்கு தனி அனுமதி வாங்கணும். அந்த காலம் எதுக்கு வச்சிருக்காங்க, சோதிச்சு பாக்கத்தானே, அதனால அவமானம்னு நினைக்காதீங்க. ஒரு இடத்தை விட்டு திரும்பினா எல்லாம் முடிஞ்சதுன்னு இல்ல, ஏமி கார்மைக்கேல் 1893ல ஜப்பானுக்கு மிஷனரியா போய் உடம்பு முடியாம திரும்பினவங்க, 1895ல இந்தியா வந்து அப்புறம் டோனாவூர்ல இருந்துட்டாங்க. உங்க மடத்து தலைவிகிட்டயும், மடத்துக்கு வெளிய இருக்கிற ஒரு குருவானவர்கிட்டயும் பேசுங்க.

ஊட்டி அண்ணாச்சி: ஐயா, வேதத்துல ரிட்டயர்மென்ட்டே கிடையாது. மோசே 120 வயசு வரைக்கும் செஞ்சார். கலப்பையில கை வச்சவன் திரும்பி பாக்கக்கூடாது!

எண்ணாகமம் 8:25 பாருங்க அண்ணாச்சி. ஆசரிப்புக் கூடார வேலை செஞ்ச லேவியருக்கு 50 வயசுல ஓய்வு, அடுத்த வசனத்துல சகோதரருக்கு உதவியா காவல் காக்கலாம், வேலை செய்யக்கூடாதுன்னு இருக்கு.

கேத்தி சகோதரர்: அது கூடாரத்தை தூக்கி சுமக்குற வேலை ஐயா. போதகருக்கு எப்படி பொருந்தும்?

ஊட்டி அண்ணாச்சி: அதான்! நல்லா கேளுங்க!

கேத்தி சகோதரர் சொல்றதுல நியாயம் இருக்கு. 1 நாளாகமம் 23ல தாவீது லேவியரை 20 வயசுல இருந்தே எண்ண சொல்றார், இனிமே வாசஸ்தலத்தை சுமக்க வேண்டியதில்லன்னு காரணமும் சொல்றார். வயசு மாறலாம், நம்ம சபைகள்லயும் ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொண்ணு. கத்தோலிக்கத்துல பிஷப்புகள் 75ல ராஜினாமா கொடுக்கணும், போப் 16ம் பெனடிக்ட் 2013ல 85 வயசுல தானே விலகினார்.

ஆனா மோசேயை உங்க பக்கம் இழுக்காதீங்க அண்ணாச்சி. கண் இருளடையல, பெலன் குறையலன்னு உபாகமம் 34 சொல்லுது. அப்படிப்பட்டவர் கானானுக்குள்ள போக விடுங்கன்னு கெஞ்சும்போது "போதும், இனி இதைப்பத்தி பேசாதே"ன்னு பதில் வருது, அது உபாகமம் 3. எண்ணாகமம் 27ல, சபை மேய்ப்பனில்லாத ஆடு மாதிரி ஆகிடக்கூடாதுன்னு அடுத்த ஆளை கேட்டதே மோசேதான், உயிரோட இருக்கும்போதே எல்லார் முன்னாடியும் யோசுவா மேல கை வச்சார். கலப்பை வசனம், "பின்தொடர வர்றேன், ஆனா முதல்ல வீட்ல சொல்லிட்டு வரேன்"னவனுக்கு இயேசு சொன்னது, லூக்கா 9. உழுது முடிச்சு கலப்பையை மகன் கையில கொடுக்குறவனுக்கு சொன்னது இல்ல.

ஊட்டி அண்ணாச்சி: ரோமர் 11:29, அழைப்பு மாறாதது!

அந்த அதிகாரம் இஸ்ரவேலை பத்தி பேசுது. உங்க பாஸ்டரேட் கமிட்டி பொருளாளர் பதவியை பத்தி இல்ல. அதோட நிறுத்திக்கலாம்.

குன்னூர் சகோதரி: தேவசித்தம்தான்னு எப்படி ஐயா உறுதியா தெரியும்?

கோத்தகிரி அக்காவுக்கு சொன்னதை படிங்க.

கோத்தகிரி பக்கம் ஒரு தம்பி: பாஸ்டர், நானும் சோர்ந்துட்டேன், கொயரை விடலாமா?

மேல படிங்க தம்பி. குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க.

கொடைக்கானல் ரிட்டயர்டு உபதேசியார்: ஐயா, ரிட்டயர் ஆகி அதே சபையிலதான் இருக்கேன். ஜனங்க கல்யாணம், அடக்கம், பிரதிஷ்டை எல்லாத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுறாங்க. அன்பை எப்படி தட்டுறது?

தட்டித்தான் ஆகணும். வீட்டு பிரதிஷ்டைக்கு கூப்பிட்டா புது ஆயர் வர்றாரான்னு முதல்ல கேளுங்க, வர்றார்னா மத்தவங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்க, முன்னாடி நாற்காலி போட்டாலும் உக்காராதீங்க. ஆயரை பத்தி யாராவது குறை சொல்ல வந்தா டீ கொடுத்து அனுப்பிடுங்க. சாமுவேல் ஜனங்களை ஆளுறதை ராஜாவான சவுல்கிட்ட விட்டுட்டு, உங்களுக்காக ஜெபிக்காம இருந்தா அது எனக்கு பாவம்னு ஜனங்ககிட்ட சொன்னார், 1 சாமுவேல் 12. அந்த ஜெப வேலையை யாரும் உங்ககிட்ட இருந்து எடுக்க மாட்டாங்க. முடிஞ்சா ஒரு வருஷம் பக்கத்து சபைக்கு ஆராதனைக்கு போங்க, நான் அப்படித்தான் செய்றேன், எங்க வீட்டம்மாவுக்குத்தான் இன்னும் அதுல கோவம்.

குன்னூர் அண்ணன்: ஐயா, ஆயர்களுக்கு பென்ஷன் எப்போ வரும்?

கோயம்புத்தூர் திருமண்டல ஆபீஸ்ல கேளுங்க.