தடுப்பவர் சபையில் நிற்கட்டும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க செனட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 100 பேர் கொண்ட சபையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 வாக்குகள் வேண்டுமாம்; அதனால் 59 பேர் ஆதரித்தாலும் ஒரு மசோதாவை மற்றவர்கள் முடக்கிவிட முடிகிறது. தேர்தலில் தோற்ற கட்சிக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு? அந்த விதியையே தூக்கி எறிந்தால் என்ன?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் விதியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

பெரும்பான்மை எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்பதில்லை. 1881இல், அயர்லாந்தில் விசாரணையே இல்லாமல் ஆட்களைச் சிறையில் அடைக்க பிரிட்டிஷ் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. ஐரிஷ் தலைவர் பார்னெலின் கட்சியினர் மாறி மாறிப் பேசி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையின் ஒரே அமர்வை 41 மணி நேரம் இழுத்தார்கள். கடைசியில் சபாநாயகரே விவாதத்தை நிறுத்தினார். வாக்கெடுப்பில் ஒருநாளும் ஜெயிக்க முடியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்கள் கையில் இருந்தது நேரம் மட்டும்தான்.

அமெரிக்க செனட்டில் இதே ஆயுதம் கொடுமைக்கும் பயன்பட்டது. 1957இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். கழிப்பறைக்குப் போக நேரக்கூடாது என்று முன்னதாகவே நீராவிக் குளியல் எடுத்து உடம்பை வற்றவைத்துக்கொண்டார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை எடுத்து வாசித்தார். வெட்கக்கேடான எதிர்ப்பு. ஆனால் யார் தடுக்கிறார், எதைத் தடுக்கிறார் என்று ஊருக்கே தெரிந்தது. அவர் ஓய்ந்த சில மணி நேரத்தில் மசோதா நிறைவேறியது.

1964இல் சிவில் உரிமைச் சட்டத்தை இப்படியே 60 வேலை நாட்கள் இழுத்தடித்தார்கள். ஜூன் 10 அன்று விவாதத்தை முடிப்பதா என்று வாக்கெடுப்பு. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த செனட்டர் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் வந்தார். பெயரை அழைத்ததும் வாய் வரவில்லை. கையை உயர்த்தித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண் என்ற சொல்லும் (eye) ‘ஆம்’ என்ற வாக்கும் (aye) ஒரே ஒலி; அதை ஆதரவு வாக்காக எடுத்துக்கொண்டார்கள். 71க்கு 29. இரு கட்சியினரும் சேர்ந்தே அந்தத் தடையை உடைத்தார்கள்.

கெட்டுப்போனது அதற்கு அப்புறம்தான். 1970களின் தொடக்கத்தில், சிக்கிய மசோதாவை ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சபை ஸ்தம்பிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். விளைவு? எதிர்ப்பவர் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை, எதிர்ப்போம் என்று தெரிவித்தாலே போதும் என்றாகிவிட்டது. 1975இல் விவாதத்தை முடிக்கத் தேவையான வாக்குகளை 60ஆகக் குறைத்தார்கள். அப்படியும் முட்டுக்கட்டைகள் பெருகிக்கொண்டேதான் போயின. காசில்லாமல் கிடைக்கும் ஆயுதத்தை எந்தக் கட்சி கீழே வைக்கும்? இன்று இவர்கள், நாளை அவர்கள்.

என்னைக் கேட்டால், தடுக்கும் உரிமை இருக்கட்டும், சும்மா இருந்து தடுக்கும் வசதி போகட்டும். இப்போது 60 பேரைத் திரட்டும் சுமை முழுக்க மசோதா கொண்டுவருபவர் தலையில். எதிர்ப்பவர்களில் பலர் அன்று சபைக்கே வராவிட்டாலும் தடை அப்படியே நிற்கும். இதைத் திருப்பிப்போட வேண்டும்: தடுக்க விரும்பும் 41 பேரும் ஒவ்வொரு முறையும் நேரில் வந்து வாக்களிக்கட்டும், விவாதம் நீளும்வரை முறைவைத்து எழுந்து பேசட்டும். 40 பேர்தான் வந்தார்கள் என்றால் மசோதா வாக்கெடுப்புக்குப் போகட்டும்.